ஆயாவின் ரெண்டு பிடி

மெக்கானிக்கல் பசங்களைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க, 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி'ன்னா என்னன்னு. 100 கிலோ தூக்க வேண்டிய கொக்கியை 200 கிலோ தாங்குற மாதிரி செய்யறது. எதிர்பாராம பாரம் ஏறினா உடையக் கூடாதுல்ல... அதுக்குத்தான்! இந்த ஃபார்முலா, பள்ளிக்கூடத்தையே சரியா பார்க்காத எங்க ஆயாவுக்கு அத்துப்படி.

காஞ்சிபுரம் பக்கம் பாட்டியை 'ஆயா'ன்னுதான் கூப்பிடுவோம். போன தை மாசம், 76 வயசுல தவறிட்டாங்க. இந்த வாரப் பக்கம் அவங்களுக்கு!

சின்ன காஞ்சிபுரத்துல எங்க வீடு. தினமும் வீட்டு ஆளுங்களுக்கு ஆழாக்குல அரிசி அளந்து போட்டதும், பானைக்குள்ள மறுபடி கையை விட்டு ரெண்டு பிடி எடுத்துப் போடுவாங்க. 'யாருக்கு ஆயா?'ன்னு கேட்டா, 'வர்றவங்களுக்கு'ம்பாங்க. யாரு வர்றாங்கன்னு அவங்களுக்கும் தெரியாது. ஆனா வருவாங்க! தறி ரிப்பேர் பார்க்க வந்தவர், கோயிலுக்கு வந்து கடைசி பஸ்ஸை விட்டவங்க, என் கிளாஸ்மேட்ஸ்னு ரெண்டு பிடி வீணாப் போன நாளே கிடையாது.

அவங்க டெக்னிக்கே தனி. 'சாப்பிடறீங்களா?'ன்னு யாரையும் கேட்க மாட்டாங்க. அப்படிக் கேட்டா எல்லாரும் 'இப்பதான் சாப்பிட்டேன்'னு பொய் சொல்லுவாங்களாம். அதனால நேரா 'கை கழுவிட்டு வா'தான். உக்காந்ததும் 'எந்த ஊரு?'ன்னு ஒரு கேள்வி. அதுக்கு மேல 'நீங்க என்ன ஆளுங்க?'ங்கிற கேள்விக்கு எங்க வீட்ல இடமே இல்லை. குழம்பு பத்தலையா? ஒரு சொம்பு தண்ணி, கொஞ்சம் மிளகு, சீரகம்... அடுத்த நிமிஷம் அது ரசம்! விசேஷ நாள்னா காஞ்சிபுரம் இட்லி. கோயில்ல மூங்கில் கூடையில மந்தாரை இலை போட்டு அவிப்பாங்க. ஆயா டம்ளர்லயே அவிச்சு, சுக்கு வாசத்தோட தட்டுல கவுத்துடுவாங்க.

இதெல்லாம் கேட்டு 'பெரிய வசதி போல'ன்னு நினைச்சுடாதீங்க பாஸ். தாத்தா குழித்தறி நெசவாளர். ஒரு சேலை முடிய நாள் கணக்காகும். அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாதான் கூலி. அதுவரைக்கும் மளிகைக்கடை கடன் நோட்டுலதான் வாழ்க்கை. மழைக்காலம் வந்தா தறிக்குழியில ஈரம் ஏறிடும், வேலை நிக்கும்.

கோர்வைச் சேலை பார்த்திருப்பீங்க. உடல் ஒரு கலர், கரை வேற கலர். ரெண்டையும் வரிக்கு வரி கோத்து நெய்யணும். தறியில உக்கார்றவரால மட்டும் முடியாது. பக்கத்துல இருந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேணும். எங்க வீட்ல அந்த ஆள் ஆயா. தார் சுத்தினதும் அவங்கதான். ஆனா சொசைட்டி பாஸ்புக்குல இருந்தது தாத்தா பேரு மட்டும்தான். 2005-ல காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. சேலைக்கு ஊர்ப் பேரு நிலைச்சுது. தார் சுத்தின கைகளுக்கு எந்த நோட்டுலயும் பேரு இல்லை.

மணிமேகலை தன் அமுதசுரபியோட வந்து பசி தீர்த்த ஊர் காஞ்சின்னு காப்பியம் சொல்லுது. அது அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். ஆயாகிட்ட இருந்ததோ, அள்ள அள்ளக் குறையுற அலுமினியப் பானை! கூடுதலா தாங்குற கொக்கிக்குக் கூடுதல் இரும்பு வேணும், அதுக்கு யாராவது காசு கொடுக்கணும். அப்போ அந்த ரெண்டு பிடிக்கு யார் காசு கொடுத்தாங்க? காரியம் முடிஞ்ச அன்னிக்கு அத்தைங்க பேசிக்கிட்டப்போதான் எனக்குத் தெரிஞ்சது. கூலி வராத வாரங்கள்லயும் விருந்தாளிக்குச் சோறு போயிருக்கு. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் ஆயா நீராகாரத்தைக் குடிச்சுட்டு, 'எனக்குப் பசியே இல்லடி'ன்னு படுத்திருக்காங்க. விருந்தாளி பொய் சொல்லிடக் கூடாதுன்னு அவ்ளோ உஷாரா இருந்தவங்க, அதே பொய்யை வருஷக்கணக்கா சொல்லியிருக்காங்க.

40 வருஷத்துக்கு ஒரு தடவை வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துல இருந்து அத்தி வரதர் வெளியில வருவார். 1979-ல வந்தப்போ ஆயாவுக்கு 30 வயசு. ராத்திரியெல்லாம் எங்க திண்ணையில வெளியூர்க்காரங்க வரிசையா படுத்திருந்தாங்களாம். அடுத்தது 2019. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள்ல ஒரு கோடிப் பேர் வந்தாங்கன்னு கணக்கு சொன்னாங்க. அதுக்குள்ள எங்க வீட்டை இடிச்சுக் கட்டி, திண்ணை போய் இரும்பு கேட் வந்தாச்சு. ஆயா அந்த கேட்டை மூட விடலை. 'சோறு எங்கயாச்சும் அன்னதானத்துல கிடைச்சுடும். மணிக்கணக்கா நிக்கிற பொம்பளைங்க அவசரத்துக்கு எங்க போவாங்க?'ன்னு சொல்லி எங்க பாத்ரூமைத் திறந்துவிட்டாங்க. நான் அப்போ 14 வயசு பக்கெட் டிபார்ட்மென்ட். தண்ணி தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழண்டுது! ஆனா, வெளியில வந்த ஒவ்வொரு அம்மாவும் ஆயா கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போனாங்க. அடுத்தவங்க வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுறதை, கேட்காமலே புரிஞ்சுக்கிறதுதான் உபசாரம்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

இப்போ அந்த ரெண்டு பிடியை நாங்க நிறுத்தலை. ஆயா ஃபார்முலாவுல ஒரே ஒரு திருத்தம். விருந்தாளி வந்தா அப்பா காய் நறுக்கணும், நான் பரிமாறணும், அம்மாவும் அதே பந்தியில உக்காந்து சாப்பிடணும். பத்தலைன்னா எல்லார் தட்டுலயும் கொஞ்சம் குறையட்டும்... ஒருத்தர் தட்டு மட்டும் காலியாக வேணாம்.

ஃப்ரெண்ட்ஸ், ஊருக்குப் போனா உங்க பாட்டி எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடறாங்கன்னு ஒரு நாள் சும்மா கவனிங்க. முடிஞ்சா முதல் தட்டை அவங்களுக்குப் போடுங்க. வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிபுரம் வந்தீங்கன்னா, எங்க தெருவுல மோர் நிச்சயம். சாப்பிடறீங்களான்னு நானும் கேட்க மாட்டேன்... கை கழுவிட்டு வாங்க!