பிலாட்டீஸ் பொம்பளைங்க சமாச்சாரமா?

ஜிம்முக்குப் போகிற பையன்களிடம் பிலாட்டீஸ் என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் லேடீஸ் பண்றதுப்பா!" என்று ஒரு சிரிப்பு வரும். விவரம் தெரியாத சிரிப்பு!

இதை உருவாக்கியதே ஓர் ஆண்தான். ஜோசப் பிலாட்டீஸ், 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் என்று நோஞ்சான் பிள்ளை. உடம்பைத் தேற்றி, குத்துச்சண்டையெல்லாம் பழகி, இங்கிலாந்துக்குப் போனார். முதல் உலகப்போர் வந்ததும் எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். அங்கே கூட இருந்த கைதிகளுக்குத்தான் பயிற்சி கொடுத்தார். ஆக, இதன் ஆரம்பகால மாணவர்கள் அடைபட்டுக் கிடந்த ஆண்கள்!

பிறகு 1920-களில் நியூயார்க் போய், கிளாராவோடு சேர்ந்து ஸ்டூடியோ நடத்தினார். நடனக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். அப்போது ஒட்டிய முத்திரைதான் இன்னும் போகவில்லை.

சரி, ஆண்களுக்கு என்ன லாபம்? நம்மூர் ஜிம்மில் வளர்வதெல்லாம் கண்ணாடியில் தெரிகிற தசைகள். மார்பு, பைசெப்ஸ், அவ்வளவுதான். வயிற்றுக்குள் பெல்ட் மாதிரி சுற்றியிருக்கும் ஆழமான தசை, முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகள், இடுப்புத்தளத் தசைகள் எல்லாம் அநாதை. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தொடையின் பின்தசை இறுகிப்போய், குனிந்தால் கை கால்விரலைத் தொடாது. பிலாட்டீஸ் கை வைப்பது சரியாக இந்த இடங்களில்தான்.

தொப்பை ஒரே மாதத்தில் கரையுமா? கரையாது. எடை தூக்குவதை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். நாள்பட்ட இடுப்புவலி பற்றிய ஆய்வுகளை 2015-ல் அலசிய காக்ரேன் குழு, சும்மா இருப்பதைவிட பிலாட்டீஸ் பலன் தரும், ஆனால் மற்ற பயிற்சிகளைவிட உசத்தி என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை என்றது. மாயமந்திரம் இல்லை. ஆனால் சிரிக்கிற விஷயமும் இல்லை. தரையில் செய்கிற பயிற்சிகளுக்கு ஒரு விரிப்பு போதும். டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

இன்னும் நம்பாதவர்களுக்கு "ஹண்ட்ரட்" என்று ஒன்று இருக்கிறது. மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கி, கால்களை நீட்டி உயர்த்தி, கைகளை மேலும் கீழும் 100 முறை அடிக்க வேண்டும். 5 அடிக்கு மூச்சை இழுத்து, அடுத்த 5 அடிக்கு விட வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸில் கெத்து காட்டுகிற அண்ணன்கள் இதை ஒழுங்காக முடிக்கட்டும்.

அப்புறம் சிரிக்கலாம், வயிறு வலிக்காமல் இருந்தால்!