புள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவா, வேணாமா? கொரோனா கற்றுத்தந்த பாடம் என்ன?

ராமநாதபுரம்:

"காய்ச்சல் அடிக்குது, புள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவா வேணாமா?"

மழைக்காலம் வந்தாலே ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது. முன்பெல்லாம் இது சாதாரண கேள்விதான். ஒரு கஷாயம், ஒரு மாத்திரை, ரெண்டு நாள் லீவு லெட்டர், அதோடு முடிந்து போகும்.

கொரோனா வந்த பிறகு அதுவே உயிர் பிரச்சினை ஆனது. அனுப்பினால் நோய் வருமோ என்ற பயம். அனுப்பாவிட்டால் படிப்பு போய்விடுமோ என்ற கவலை. அந்த தவிப்பில் யார் தப்பித்தார்கள், யார் மாட்டிக்கொண்டார்கள் என்று இப்போது திரும்பி பார்த்தால் பல உண்மைகள் புரியும்.

19½ மாத பூட்டு

தமிழகத்தில் 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்று முதல் 9-ம் வகுப்பு வரை எல்லாரும் பாஸ் என்று அறிவிக்கப்பட்டது. ஜூன் 15-ல் தொடங்க இருந்த எஸ்.எஸ்.எல்.சி. தேர்வும் ஜூன் 9-ந்தேதி ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மார்க்கில் இருந்து 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கு போட்டு மார்க் கொடுத்தார்கள்.

10, பிளஸ்-2 மாணவ-மாணவிகளுக்கு 2021 ஜனவரி 19-ந்தேதி பள்ளி திறந்தது. இரண்டாவது அலை வந்ததும் மறுபடியும் பூட்டு. பிறகு செப்டம்பர் 1-ல் 9 முதல் பிளஸ்-2 வரை திறந்தார்கள். ஒன்று முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள சின்னப்பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதித்தது நவம்பர் 1-ந்தேதிதான். ஏறத்தாழ 19½ மாதம்! 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, 2-ம் வகுப்பில்தான் முதன்முதலாக பெஞ்சில் உட்கார்ந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. ஒமைக்ரான் பரவியதால் 2022 ஜனவரியில் மீண்டும் மூடி, பிப்ரவரி 1-ந்தேதி திறந்தார்கள்.

"கையெழுத்து போடுங்க"

இதற்கு நடுவில் முடிவு எடுக்கும் சுமை பெற்றோர் தலையில் விழுந்தது. 2020 நவம்பர் 16-ல் பள்ளிகளை திறக்கலாமா என்று கேட்டு, 9-ந்தேதி பள்ளிதோறும் கருத்து கேட்பு கூட்டம் நடந்தது. வேண்டும் என்று ஒரு பக்கம், வேண்டாம் என்று ஒரு பக்கம் பெற்றோர் சொன்னதால் திறப்பு தள்ளிப்போனது. 2021 ஜனவரியில் மறுபடியும் கேட்டார்கள். இந்த தடவை திறக்கலாம் என்றவர்களே அதிகம்.

வகுப்புக்கு 25 பேர், சத்து மாத்திரை, முக கவசம் என்று ஏற்பாடுகள் இருந்தன. ஆனால் பெற்றோர் சம்மத கடிதம் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். வருவது கட்டாயம் இல்லை என்றும் சொன்னார்கள். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த கையெழுத்தை போட்ட தாய்க்கு, நாளைக்கு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் "நீதானே சம்மதிச்சே" என்ற பழி தன் மேல் வருமோ என்ற பயம் இல்லாமல் இருந்திருக்குமா?

ஒரே அறை, ஒரே செல்போன்

டவுனில் மாடி வீடு, ஆளுக்கு ஒரு போன் உள்ளவர்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்து ஆன்லைனில் படிக்க வைத்தார்கள். கடற்கரை குடிசையில் அது நடக்குமா?

இருப்பது ஒரே அறை. அதில்தான் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை எல்லாரும். கொரோனா வந்தவரை வீட்டிலேயே தனிமைப்படுத்த தனி அறையும் தனி கழிப்பறையும் வேண்டும் என்பது அப்போதைய விதி. அதற்கு எங்கே போவது?

செல்போனும் அப்படித்தான். ராமேசுவரம் விசைப்படகுகள் பொதுவாக வாரத்தில் 3 நாள் கடலுக்கு போகும். போனால் மறுநாள்தான் கரை திரும்பும். வீட்டில் இருக்கும் ஒரு ஸ்மார்ட் போனும் அப்பா பையில் போய்விட்டால் மூன்று பிள்ளைகளுக்கும் வகுப்பு இல்லை. கல்வி தொலைக்காட்சியில் பாடம் ஓடியது உண்மை. ஆனால் புரியாத இடத்தில் கையை தூக்கி கேட்க டி.வி.யில் ஆள் உண்டா?

அம்மாவும் சும்மா இருக்க முடியாது. பாசி எடுக்க, மீன் காய வைக்க, கருவாடு விற்க போனால்தான் அடுப்பு எரியும். ஊரடங்கில் கோவில் மூடி, யாத்திரிகர் வரவும் நின்றதால் ராமேசுவரத்தில் ஆட்டோ, சங்கு கடை, இட்லி கடை எல்லாம் படுத்துவிட்டது. வளர்ந்த பையன் படகுக்கு போனால் ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆகும் என்ற நிலை. காசு பார்த்த கையை மறுபடியும் புத்தகம் பிடிக்க வைப்பது லேசான காரியம் இல்லை. பெரிய பெண் பிள்ளைகளுக்கு தம்பி, தங்கையை பார்ப்பதே முழுநேர வேலை ஆனது.

வேப்பிலை சொருகிய வாசல்

தனிமை இந்த கடற்கரைக்கு புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை தோட்ட வேலைக்கு போனவர்களை மண்டபம் முகாமில் சில நாள் தங்க வைத்து, காலரா, அம்மை போன்ற நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் அக்கரைக்கு அனுப்பினார்கள்.

அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகுவதும், தலைக்கு தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையை வெளியே விடாததும் ஊர் வழக்கம். அந்த வேப்பிலையை பார்த்தால் வாத்தியாரும் "ஏன் வரலை?" என்று கேட்க மாட்டார். ஊரே சேர்ந்து கடைப்பிடித்த விதி அது. எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

கொரோனாவில் அதுதான் இல்லை. முதலில் 14 நாள் தனிமை என்றார்கள். 2022 ஜனவரியில் 7 நாள் போதும் என்றார்கள். நோயை பற்றி தெரிய தெரிய விதி மாறியது நியாயம்தான். ஆனால் ஏன் மாறுகிறது என்று கரையில் உள்ளவர்களுக்கு புரியும்படி சொல்ல ஆள் இல்லை.

நஷ்டம் யாருக்கு?

பெரியவர்களை விட சின்னப்பிள்ளைகளுக்கு கொரோனா பாதிப்பு குறைவாகவே இருந்தது. படிப்பில் அதிகம் அடிபட்டதோ அவர்கள்தான். கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 'ஏசர்' ஆய்வின்படி, தமிழகத்தில் 2-ம் வகுப்பு பாடத்தை படிக்க தெரிந்த 3-ம் வகுப்பு பிள்ளைகள் 2018-ல் 10.2 சதவீதம். 2022-ல் அது 4.8 ஆக இறங்கியது.

இதை சரிக்கட்டத்தான் 2021 அக்டோபர் 27-ல் இல்லம் தேடி கல்வி திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலேயே பாடம் சொல்லி கொடுத்தார்கள். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2024 ஆய்வில் நிலைமை தேறியது. பள்ளிக்கூடத்தை கடைசியாக மூடு, முதலில் திற என்று யுனிசெப் அமைப்பு அப்போதே சொன்னது. இங்கே டாஸ்மாக் கடை 2020 மே மாதமே திறந்துவிட்டது!

இனி என்ன செய்யலாம்?

2023 மார்ச்சில் புளூ காய்ச்சல் பரவியபோது புதுச்சேரியில் 8-ம் வகுப்பு வரை விடுமுறை விட்டார்கள். தமிழகத்தில் பள்ளிகளை மூடாமல் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். மொத்தமாக பூட்டாமல் நோய் வந்த பிள்ளையை மட்டும் வீட்டில் வைப்பதுதான் அந்த வழி. அது பலிக்க பெற்றோரும் ஒத்துழைக்க வேண்டும்.

காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு மருந்தை கொடுத்து பள்ளிக்கு அனுப்பக்கூடாது. மருந்தின் வேகம் மதியத்துக்குள் இறங்கிவிடும். அதற்குள் பக்கத்து பிள்ளைக்கும் ஒட்டிவிடும். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்பலாம். மூச்சு வாங்கினாலோ, தண்ணீர் கூட குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். ராமேசுவரத்தில் இருந்து ராமநாதபுரத்துக்கு 50 கிலோ மீட்டருக்கு மேல். விடியட்டும் என்று இருந்தால் ஆபத்து.

அதேபோல, காய்ச்சலால் லீவு எடுத்த பிள்ளையை பள்ளிகளும் கடிந்து கொள்ளக்கூடாது. விட்டுப்போன பாடத்தை சொல்லி கொடுக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டு பிள்ளையோடு வீட்டில் இருக்கும் தாய்க்கு அதுதான் ஆறுதல்.

எத்தனை நாள் லீவு, யார் பாடம் நடத்துவது, எந்த தெருவில் வகுப்பு என்பதை பள்ளி மேலாண்மை குழுக்கள் முன்கூட்டியே பேசி வைத்தால், அடுத்த தொற்று வரும்போது பெற்றோர் தனியாக தவிக்க வேண்டியது இருக்காது. பள்ளிக்கூடத்தை மூடும் உத்தரவு வரும்போதே, படகுக்கு போகும் பையனை திரும்ப அழைத்து வரும் வழியும் சேர்ந்து வர வேண்டும் என்பதே கடற்கரை பெற்றோரின் எதிர்பார்ப்பு.