நுண்கடன் கம்பெனியே, கணக்கைக் காட்டு!



பயிர்க்கடன் கேட்டுப் போனால் சிட்டா கொண்டா, அடங்கல் கொண்டா என்று நம்மை அலைய விடுகிறார்கள். ஒரு தாள் குறைந்தால் நாளைக்கு வா! நாமும் விதிக்குக் கட்டுப்படுகிறோம். வீடு தேடி வந்து குழுக்கடன் கொடுக்கும் கம்பெனிக்கு மட்டும் விதி கிடையாதா?

உண்டு! 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி போட்ட விதியைக் கேளுங்கள்:

* குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.
* வட்டி, கட்டணம் எல்லாம் நமக்குப் புரியும் மொழியில் எழுதித் தரணும்.
* கட்டிய ஒவ்வொரு தவணையும் கடன் அட்டையில் ஏறணும்.
* தவணை தவறினால், தவறிய தொகைக்கு மட்டுமே அபராதம்.
* காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூல் கூடாது.

நம் ஊரில் நடப்பது என்ன? வருமானத்தை விசாரிக்காமலே ஒரு தொகையை அவனே எழுதிக்கொள்கிறான். விளக்கு வைத்த பிறகும் வாசலில் வந்து உட்காருகிறான். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவையே எழ விடுவதில்லை. கடன் அட்டை எங்கே என்றால் மேனேஜரைக் கேள் என்கிறான்.

வாங்கிய கடனைக் கட்ட மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. கட்டிய காசுக்குக் கணக்கு எங்கே என்றுதான் கேட்கிறோம்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்! கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையா, ரிசர்வ் வங்கிக்கே எழுதுவோம். மிரட்டி வசூலித்தால் போலீசுக்குப் போவோம். அதைத் தடுக்க 2025-ல் தமிழக சட்டமன்றம் சட்டமே போட்டிருக்கிறது.

தனியாகக் கேட்டால் மிரட்டுவான். ஊராகக் கேட்போம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்