முதன்முதலாக மலையேறுவோருக்கு

முதன்முறை மலையேற விழைவோர் சிகரத்தின் உயரத்தையே விசாரிக்கின்றனர், பாதையை விசாரிப்பதில்லை. இலங்கையின் பாவா ஆதம் மலை 2,243 மீட்டர் உயரமுடையது. 1344-இல் இப்னு பதூதா அங்கே இரும்புச் சங்கிலிகளைப் பற்றியே ஏறினார். இன்றோ படிகள் உள்ளன. இரத்தினபுரி வழி நெடியது. புதியவர்கள் நல்லதண்ணி வழியையே தேர்ந்துகொள்ளுங்கள். அதிலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உண்டு! டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை வழியெங்கும் விளக்கெரியும். தேநீர்க் கடைகளும் இருக்கும். மழைக்காலத்தில் செல்ல வேண்டாம்.

ஏறுகையில் மூச்சுதான் வாங்கும். இறங்குகையிலோ முழங்கால் நடுங்கும். ஏறும்போது கைத்தடியை ஏளனம் செய்த நான், இறங்கும்போது அதனை இரவல் கேட்டேன். வயது முதிர்ந்த அத்தாவை உடன் அழைத்துச் செல்வோர், அவர் பாதிவழியில் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ஏறிய படிகள் அத்தனையையும் அவர் இறங்கியாக வேண்டுமல்லவா?