துருவை எடுக்கச் சொன்னால் இரும்பையே எடுப்பதா?

பழைய வண்டிக்கு இப்போது திடீர் மவுசு! காயலான் கடைக்குப் போக வேண்டிய ராஜ்தூத், எஸ்டி, தாத்தா ஓட்டிய புல்லட் எல்லாம் பட்டறை வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. கும்பகோணம், சுவாமிமலை, பாபநாசம் வட்டாரத்தில் மாட்டுக் கொட்டகை ஓரம் சாய்ந்து கிடந்ததை எல்லாம் பேரப் பிள்ளைகள் இழுத்து வருகிறார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் வந்த வண்டிக்கு முதலில் என்ன நடக்கிறது? ஆசிட் குளியல்!

"ஒரே நாள்ல வெள்ளி மாதிரி ஆக்கித் தர்றேண்ணே!" என்கிறார் பட்டறைக்காரர். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை வாளியில் ஊற்றி, பாகங்களை உள்ளே போடுகிறார். புகை வருகிறது, நுரை பொங்குகிறது. எடுத்துக் காட்டினால் பளபளவென்று மின்னுகிறது. வண்டிக்காரர் வாயைப் பிளந்து காசைக் கொடுக்கிறார்.

மறுநாள் காலையில் பார்த்தால் அதே இரும்பு மஞ்சள் பூத்துக் கிடக்கும். அதன் மேலேயே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து அனுப்பி விடுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது.

ஏன் கிளம்புகிறது? துரு என்பது இரும்பும் காற்றும் நீரும் சேர்ந்து உண்டாவது. தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அது அடைத்துக் கொள்ளும். அதனால்தான் மேலே இருக்கும் பெயிண்டைத் தூக்கி எறிகிறது. அந்த ஆசிட்டில் உள்ள குளோரைடு, இரும்பின் குழிகளில் ஒளிந்து கொள்கிறது. சரியாகக் கழுவாவிட்டால் அது துருவுக்கு உரம் போட்ட மாதிரி! அதிலும் நம் ஊர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? சுற்றிலும் வயலும் வாய்க்காலும்தான்.

உயிருக்கு உலை!

பெயிண்ட் போனால் போகட்டும். ஸ்பிரிங் போனால்?

ஆசிட்டில் இரும்பு ஊறும்போது ஹைட்ரஜன் கிளம்புகிறது. அதில் கொஞ்சம் உருக்குக்கு உள்ளேயே புகுந்து விடும். சாதாரண தகரத்துக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆனால் ஸ்பிரிங், அச்சு, உறுதியேற்றிய போல்ட் போன்றவை நொறுங்கும் தன்மை பெற்று விடுகின்றன. பார்க்கப் பளபளப்பு, உள்ளே பலவீனம். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் 'படக்' என்று முறியும்.

ஆசிட் இல்லாவிட்டால் கிரைண்டர்! துருவோடு நல்ல இரும்பையும் சீவித் தள்ளுகிறார்கள். ஏற்கெனவே துரு தின்று மெலிந்த போர்க்கை இன்னும் மெலிய வைத்து, குழியைப் பட்டி போட்டு மூடி, கறுப்புப் பெயிண்ட் அடித்தால் யாருக்குத் தெரியும்? அந்த வண்டியில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஒருவர் தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் போகிறார். இதை வேலை என்று சொல்ல மாட்டேன். மோசடி என்றுதான் சொல்வேன்.

கிரைண்டரால் இன்னொரு வம்பும் உண்டு. சேசிஸ் நம்பர்! துருவோடு சேர்த்து அதையும் வழித்து விட்டால் கதை கந்தல். பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது நம்பரைச் சரி பார்ப்பார்களே, அங்கே என்ன காட்டுவீர்கள்? 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. 50 வயது தாண்டிய சொந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனி நம்பரில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், என்ஜின் எல்லாம் பெரிய மாறுதல் இல்லாமல் பழைய உருவிலேயே இருக்க வேண்டும். அழிந்த நம்பரோடு போய் நின்றால் 'இது திருட்டு வண்டியா?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

ஸ்தபதி செய்வாரா?

இதை சுவாமிமலையில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வேதனை. உலோகத்தை எப்படித் தொட வேண்டும் என்று உலகத்துக்கே காட்டும் ஊர் இது. காவிரி வண்டல் மண்ணில் மெழுகு வார்ப்பு செய்யும் ஸ்தபதிகளின் தெருவில் நின்று பாருங்கள். உருக்கி ஊற்றும் வேலை சீக்கிரம் முடிந்து விடும். அதன்பின் உளியும் அரமுமாக நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். பழைய விக்கிரகம் ஒன்று கைக்கு வந்தால் அதை ஆசிட் வாளியில் முக்குவாரா ஒரு ஸ்தபதி?

பழைய விக்கிரகங்களுக்கும் வியாதி உண்டு. பச்சைப் பொடியாகக் களிம்பு பூத்து உலோகத்தை அரிக்கும். அதற்கும் காரணம் இதே குளோரைடுதான்! சென்னை எழும்பூர் மியூசியத்தில் இதற்காகவே 1930-ல் ஒரு ரசாயனக் கூடம் ஏற்படுத்தினார்கள். அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன் போன்றவர்கள் சுரண்டவில்லை, ராவவில்லை. காரநீரில் போட்டு மின்சாரம் பாய்ச்சி, அந்த விக்கிரகங்களை மீட்டார்கள். களிம்பு போயிற்று, விரல் நகம் வரை சிற்ப வேலை நின்றது.

அதே மின்சார வித்தையை நம் பட்டறையிலும் செய்யலாம். பெரிய செலவில்லை.

ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், கொஞ்சம் சலவை சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்தில் நெகட்டிவ் ஒயர். பாசிட்டிவ் ஒயரில் வேண்டாத இரும்புத் துண்டு ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரவெல்லாம் விட்டால் துரு கறுத்து இளகிப் போகும், பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்து விடும். நல்ல இரும்பு அப்படியே இருக்கும். நம்பரும் இருக்கும்.

ஆனால் மாற்றிக் கொடுத்தால் ஆபத்து. பாகத்துக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் அதுவே கரைந்து போகும்! எவர்சில்வர் துண்டை உள்ளே போடாதீர்கள், விஷக் குரோமியம் கலக்கும். அலுமினியத்தைப் போட்டால் சோடாவே தின்று விடும். இதிலும் ஹைட்ரஜன் வருவதால் மூடிய அறை கூடாது, பக்கத்தில் பீடி கூடாது, பெட்ரோல் வாடை அடிக்கும் டேங்க் கூடவே கூடாது. ஸ்பிரிங்குக்கு இதுவும் ஆகாது. அதற்கு மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், உப்புத்தாள், கை உழைப்புதான். முடியாவிட்டால் புதுசு வாங்கிப் போடுங்கள்.

சின்ன சாமானுக்கு எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீர் போதும். பித்தளைக் குடத்துக்குப் புளி போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். எதில் ஊற வைத்தாலும் நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்து விட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் துரு காத்திருக்காது.

"இவ்வளவு பழசை மெனக்கெட்டு யார் சார் பார்ப்பா?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1855-ல் இங்கிலாந்தில் செய்த ரயில் என்ஜின் ஒன்று, நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளிகள் 2010-ல் அதை ஓட வைத்தார்கள். அதற்கு முன்னால் உங்கள் எஸ்டி எம்மாத்திரம்?

பட்டறைக்காரரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. "நாளைக்கே வேணும், ரேட்டைக் குறைச்சுக்கோ" என்று நெருக்குவது யார்? நாம்தான்! பத்து நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் அவரும் ஆசிட் வாளியைத்தான் எடுப்பார். அந்தப் புகையை முதலில் குடிப்பது பத்தொன்பது வயது எடுபிடிப் பையன். மிச்சம் போய்ச் சேருவது வாய்க்கால்.

ஆகவே வண்டியை விடும்போதே நாளையும் கூலியையும் பேசி விடுங்கள். சேசிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். கூடவே ஒரு நிபந்தனை போடுங்கள்: "பட்டி பாக்கறதுக்கு முன்னாடி வெறும் இரும்பை எனக்குக் காட்டணும்ணே!" மாட்டேன் என்றால் வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.