பயனர் பெயரில் ஒரு புள்ளி வைத்தால் என்ன?

எங்கள் பி.காம் லேபில் மைஎஸ்க்யூஎல் பயிற்சிக்கு ஆளுக்கொரு கணக்கு. பெயரில் புள்ளி, கோடு எதுவும் கூடாது என்று உத்தரவு. எஸ்.உமா, சுமா இருவரையும் ஆங்கிலத்தில் எழுதி, புள்ளியை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றேதான்! கடைசியில் ஒருத்தியின் பெயருக்குப் பின்னால் 1 ஒட்டினார்கள். லெட்ஜரில் கை வைத்தது யார் என்று நாளைக்குத் தேடும்போது அந்த 1 யாரென்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆடிட்டிங் படிக்கிற நமக்கே இந்தக் கதி.

இத்தனைக்கும் மைஎஸ்க்யூஎல் புள்ளியை மறுப்பதே இல்லை. பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் போதும், போடாவிட்டால்தான் சிண்டாக்ஸ் எரர். பயனர் தரும் பெயரைக் கட்டளையோடு அப்படியே ஒட்டி எழுதுகிற புரோகிராமர் வேண்டுமானால் பயப்படட்டும். அதற்காக நம் இனிஷியலை வெட்டுவானேன்?

@ குறியை மட்டும் விட்டுவிடலாம் என்பேன். அங்கே பயனர் பெயர், @, எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்பதுதான் கணக்கின் அமைப்பே. மூன்றையும் ஒரே மேற்கோளுக்குள் போட்டால் மொத்தமும் பெயராகிவிடும், எந்தக் கணினியிலிருந்தும் நுழையலாம் என்றாகிவிடும். (வீட்டில் செய்து பார்த்து முழித்தவன் சொல்கிறேன்!) புள்ளி அப்படி எந்த வம்புக்கும் போவதில்லை. கொடுத்துவிடுங்கள் சார்.