ஹைட்ரஜனோட நிறுத்திடாதீங்க

முதல் வருஷ இன்ஜினியரிங் பிசிக்ஸ்ல குவாண்டம் யூனிட்டை எப்படிக் கடந்தீங்க? 'பெட்டிக்குள் துகள்' டெரிவேஷனை மனப்பாடம் பண்ணி, எழுதி, எக்ஸாம் ஹால் வாசல்லயே விட்டுட்டு வந்திருப்பீங்க. தப்பு உங்க மேல இல்ல. அந்த யூனிட்ல நீங்களா கண்டுபிடிக்கிறதுக்குன்னு ஒரு கேள்விகூட வைக்கல.

நான் ஒண்ணு தர்றேன். ஹைட்ரஜன் அணுவோட ஆற்றல் -13.6 எலக்ட்ரான் வோல்ட். பிளஸ் டூலயே படிச்சது. இப்போ அதுகிட்ட இன்னொரு எலக்ட்ரானைக் கொண்டுபோங்க. ஒட்டுமா, ஓடிடுமா?

இருக்கிறது மூணே துகள். ஆனா ரெண்டு எலக்ட்ரானும் ஒண்ணையொண்ணு தள்ளுறதால ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பேப்பர்ல முழுசா தீர்க்க முடியாது. அதனால ஒரு அலைச்சார்பை ஊகிச்சு, அதுல இருக்கிற எண்ணை மாத்தி மாத்தி ஆற்றலைக் குறைக்கணும். எப்படி ஊகிச்சாலும் கிடைக்கிற ஆற்றல் உண்மையான மதிப்புக்குக் கீழ போகாது. அதுதான் இந்த முறையோட உத்தரவாதம்.

ரெண்டு எலக்ட்ரானுக்கும் ஒரே எண் கொடுத்தா, அந்த எண் 11/16-னு வரும், ஆற்றல் -12.86. தனி ஹைட்ரஜனைவிட மேல! அப்போ ரெண்டாவது எலக்ட்ரான் ஓடிடும்னு கணக்கு சொல்லுது. நிஜத்துல அது ஒட்டும். பெத்தே 1929-லயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிட்டார், ஆனா அது கொஞ்சம் சிக்கலான கணக்கு.

1944-ல சுப்பிரமணியன் சந்திரசேகர் செஞ்சது ரொம்ப எளிமை. ஆளுக்கொரு எண் கொடுத்தார். எது எந்த எலக்ட்ரான்னு பிரிச்சுச் சொல்ல முடியாததால, மாத்திப் போட்டும் கூட்டிக்கிட்டார். விடை: 1.04, 0.28. ஒண்ணு கருவை ஒட்டி, இன்னொண்ணு எங்கேயோ வெளியே. ஆற்றல் -13.97. ஒட்டிடுச்சு! (சமமா நடத்தினா உடையுற குடும்பம் இது.)

அந்த வெளி எலக்ட்ரானைப் பிய்க்க நிஜத்துல 0.75 எலக்ட்ரான் வோல்ட்தான் வேணும். கண்ணுக்குத் தெரியுற ஒளியே போதும். சூரியனோட மேற்பரப்புல ஒளியைப் பெரும்பாலும் விழுங்கி, திருப்பி உமிழ்றது இந்த அயனிதான். குரோம்பேட்டை ஜிஎஸ்டி ரோட்டுல உங்க மண்டையைப் பொளக்குதே, அந்த வெயில்ல பெரும்பகுதி அங்கிருந்துதான் வருது.

சந்திரசேகர் படிச்ச மாநிலக் கல்லூரி ஒண்ணும் தூரமில்ல. தாம்பரத்துல லோக்கல் ஏறி, பார்க்ல இறங்கி, பறக்கும் ரயில் மாறினா சேப்பாக்கம். 1928-ல சொம்மர்ஃபெல்ட் சென்னை வந்தப்போ இவரே போய்ப் பார்த்தார். நீ படிச்ச குவாண்டம் பழசாயிடுச்சுன்னு அவர் சொல்ல, இவர் புதுசைப் படிச்சு உடனே ஆய்வுக் கட்டுரை எழுதினார். அப்போ வயசு 18. நம்ம ஃபர்ஸ்ட் இயர் வயசு.

அதனால நம்ம துறைக்கு என் கோரிக்கை: ஒரு டெரிவேஷனை எடுத்துட்டு இதை அசைன்மென்ட்டா கொடுங்க. பிளேஸ்மென்ட்டுக்கு உதவுமான்னு கேட்பீங்க. ஊகி, எண்ணை மாத்து, குறைஞ்ச மதிப்பைத் தேடு. மெஷின் லேர்னிங் கிளாஸ்லயும் இதைத்தானே பண்றீங்க?

துறை கொடுக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம். பைதான்ல சின்ன புரோகிராம்தான். ஒண்ணு மட்டும்: ஆரம்ப மதிப்பா ரெண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்காதீங்க. கிரேடியன்ட் டிசென்ட் 0.6875-லயே மாட்டிக்கிட்டு நிக்கும். 1, 0.3 கொடுத்துப் பாருங்க.